மேல்கரை

அம்மியைப் பறக்கவிடும் காற்று
மார்பளவுத் தண்ணீரில்
என்னை மட்டும் நிற்க வைத்திருக்கிறது.

மாடக்குளம் கண்மாய். ஞாயிறு. மூன்று மணி.
ஐப்பசியில் நிரம்பியது
ஆடி வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது.
ஒட்டுப்போட்ட பாய், பழைய பலகை,
பலகைக்கு அடியில் இடுப்புயரக் கம்பம்,
கம்பத்தின் நுனியில் இரண்டு சிறகு.
தூத்துக்குடியில் யாரோ அலுத்துப்போய் விற்றது.
பஸ் கூரையில் ஏற்றும்போது கண்டக்டர் கேட்டார்:
"இது ஏரோப்ளேனா, கப்பலா?"
பதில் தெரியாமல் நின்றேன்.
லக்கேஜ் என்று கிழித்துக் கொடுத்தார்.

நேராகப் போவது வந்துவிட்டது.
பருமலை இழுத்துப் பிடித்தால் பலகை அதிரும்.
பிறகு அதிர்வு நிற்கும்.
தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நான்.
சத்தமே இருக்காது.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில்.
மேல்தளத்தில் கேபின் நிற்கும்போது
அடிவயிற்றில் ஒரு காலியிடம் வருமே,
அங்கே அது அரை நொடி.
இங்கே, கண்மாயின் அகலம் முழுக்க.

சிக்கல் வேறு.
என் வண்டி நிற்பது மேல்கரையில்,
சீட்டுக்கடியில் சட்டையும் சாவியும் சோறும்.
காற்று வருவதும் அங்கிருந்துதான்.
காற்றின் வாய்க்கு நேரே எந்தப் பாயும் போகாது.
கொஞ்சம் வடக்கே ஒதுங்கி,
திரும்பி,
கொஞ்சம் தெற்கே ஒதுங்கி,
கடன் கேட்கப் போகிறவன் மாதிரி
சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

அந்தத் 'திரும்பி'யில் விழுகிறேன்.

முன்கை பாய்மரத்தைப் பிடிக்கணும்.
முன்கால் மரத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் வரணும்.
அதற்குள் பின்கால், அதற்குள் மறுகை.
காற்று நெற்றிக்கு நேரே வரும் கணத்தில்
பாய் செத்த மீன்போலத் துவளும்.
சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை.
பயந்து முன்னால் ஒரு விரற்கடை எடை வைத்தால்
மூக்கு குத்தி, பலகை நின்று,
நான் மட்டும் பயணத்தைத் தொடர்கிறேன்.

"பதினெட்டு" என்றார் ஒச்சப்பன்.

மீன்குத்தகை அவருடையது.
தெர்மாக்கோல் தெப்பத்தில் சம்மணமிட்டு
வலையை அவிழ்த்தபடி எண்ணுகிறார்.
முதல் வாரம் சண்டைக்கு வந்தார்,
கெண்டையெல்லாம் மிரளுதென்று.
மூன்றாம் வாரம் குரல் இறங்கியிருந்தது:
"ஒம்ம பாயைப் பாத்துட்டு
நீர்க்காக்கா ஒண்ணுகூட எறங்கல.
தெனமும் வர முடியுமா?"

பத்தொன்பது, கருவேல முண்டு தட்டி.
இருபது, சும்மா.
இருபத்தொன்றில் பருமல் முன்பல்லைத் தொட்டது,
நாளை மருத்துவமனை லிஃப்டில்
வாயைத் திறக்காமல் வேலை பார்க்கணும்.
இருபத்திரண்டு என் தப்பில்லை, காற்று செத்தது.
"அதுவும் கணக்குத்தான்" என்றார்.

அடுத்ததில்
கால்களைப் பார்க்கவில்லை.
நாகமலையின் வால் எங்கே முடிகிறதென்று பார்த்திருந்தேன்,
ஏனென்று தெரியவில்லை.
மரம் ஒரு பக்கம் போனது, நான் மறுபக்கம் வந்திருந்தேன்.
வெறுங்காலில் பிளாஸ்டிக் தரை போலப் பலகை.
சிறகு இன்னும் தூக்கிக்கொண்டிருந்தது.
துவண்ட பாய் 'டப்' என்று உப்பியது,
வலது கன்னத்தில் அடித்த காற்று
இடது கன்னத்தில்.

"இருபத்து மூ" வரை வந்த ஒச்சப்பன்
மிச்ச எழுத்தை வாயிலேயே வைத்துக்கொண்டார்.

கால்கள் இரண்டும் மாறிக் கிடந்தன,
பின்னால் பார்த்து ஓடுகிற பஸ் டிரைவர் மாதிரி.
அப்படியே முப்பது விநாடி பறந்தேன்.
பிறகு ஆகாயத்தாமரை சிறகில் சுற்றிக்கொள்ள
தலைகுப்புற, வாய் நிறையக் கண்மாய்.

எழுந்தபோது தெப்பம் பக்கத்தில் வந்திருந்தது.
"இதை எதுல சேக்க?" என்று
நிஜமாகவே கேட்டார்.

மேல்கரைக்கு இன்னும் நான்கு திருப்பம்.
வெயில் நாகமலைக்குப் பின்னால் போய்விட்டது.
காற்றும் கூடவே.
பலகையைத் தலையில் வைத்து, பாயைத் தோளில் போட்டு
கரையோரமாகச் சேற்றில் நடக்கிறேன்,
காற்றின் வாய்க்கு நேரே,
பசியோடு.